வெண்கலக் குதிரைகள் சொல்லும் வரலாறு

மண்ணில் மனிதன் வாழும் காலம் குறுகியது. அதை அவன் நன்கறிவான். ஆகவேதான், தான் மறைந்த பின்னும் தன் பெயர் மறையாதிருக்கக் கல்லையும் உலோகத்தையும் துணைக்கு அழைத்தான். நின்ற சிலை, அமர்ந்த சிலை, மார்பளவுச் சிலை என அவன் சமைத்த உருவங்கள் பல. அவற்றுள் செலவு மிக்கதும் செய்தற்கு அரியதும் குதிரைமீது அமர்ந்த சிலையே. தரையில் நிற்போர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், தன்னினும் வலிய விலங்கொன்றை ஒரு கைக் கடிவாளத்தால் அடக்கியவராக ஒருவரை அது காட்டுகிறது. ‘இவர் ஆளப் பிறந்தவர்’ என்பதை ஓர் எழுத்தும் இன்றியே சொல்லிவிடுகிறது.

உருவங்களுக்கு இடமில்லாத இல்லத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுச் சுவரில் நாட்காட்டியும், அழகிய எழுத்தில் அமைந்த இறைவசனமும் தவிர வேறொன்றும் தொங்கியதில்லை. அத்தகைய வளர்ப்புடையவனுக்குச் சிலைகளின்மேல் ஆர்வம் எப்படி வந்தது என்று நண்பர்கள் வினவுவதுண்டு. நான் அவற்றை வாசிப்பதற்காக நாடுகிறேன் என்பதே என் விடை. தமிழ் கற்பிப்பவனுக்குச் சிலையும் ஒரு நூலாகவே தோன்றுகிறது. குதிரைமேல் இருப்பவர் அதன் பாட்டுடைத் தலைவர். பொருள் கொடுத்து எழுப்பியவர் பாடுவித்தோர். வார்த்தெடுத்த கலைஞர் புலவர். பின்வந்த மக்களோ உரையாசிரியர்கள். மூலத்தில் இல்லாத கதைகளைச் செருகி வைப்போரும் இங்கு உண்டு. இக்கண்கொண்டு நோக்கினால், உலகின் புகழ்மிக்க குதிரைச் சிலைகள் தம்மேல் அமர்ந்திருப்பவரைவிடத் தம்மை எழுப்பியவரைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன என்பது விளங்கும்.

பெயர் மாறியதால் பிழைத்த பேரரசர்

உரோமாபுரியின் கேப்பிட்டலைன் குன்றில் உள்ள மார்க்கஸ் அரேலியஸ் சிலை, குதிரைச் சிலைகளின் முன்னோடி எனப் போற்றப்படுவது. கி.பி. 175ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட இவ்வெண்கலச் சிலை ஏறத்தாழ 4.24 மீட்டர் உயரமுடையது. ஒரு காலத்தில் பொன்முலாம் பூசப்பெற்றிருந்தது. பேரரசரின் கையில் வாளில்லை, உடலில் கவசமில்லை. வலக்கையை முன்னே நீட்டி எதையோ அருள்பவர்போல் அமர்ந்திருக்கிறார். ஆட்சிக்கிடையே தத்துவ நூலும் எழுதிய மன்னர்க்கு இத்தோற்றம் பொருத்தமானதே.

பழைய உரோமில் இத்தகைய சிலைகள் பல இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் உருக்கப்பட்டு நாணயமாகவும் பிறவாகவும் மாறின. இச்சிலை மட்டும் எவ்வாறு தப்பியது? இடைக்கால மக்கள் இதனைக் கிறித்தவத்தை ஆதரித்த முதற் பேரரசரான கான்ஸ்டன்டைனின் சிலை என்று எண்ணிக் காத்தார்கள். மார்க்கஸ் அரேலியஸ் என்று அறிந்திருந்தால் உலைக்களத்திற்கு அனுப்பியிருக்கக்கூடும். மூலத்தைப் பிறர் பெயரால் வழங்கியதனால் ஏடு அழியாது நின்ற கதை இது! 1538ஆம் ஆண்டு இச்சிலை கேப்பிட்டலைன் குன்றுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் பீடத்தை அமைத்தவர் மைக்கேலாஞ்சலோ. காற்று மாசினால் வெண்கலம் அரிக்கப்படவே, 1981ஆம் ஆண்டு இதனை இறக்கிப் பழுது பார்த்தனர். மூலச்சிலை இன்று அருங்காட்சியகத்தினுள் இருக்க, சதுக்கத்தில் அதன் படியே நிற்கிறது.

இச்சிலையில் நாம் கருதற்குரிய நுட்பம் ஒன்றுண்டு. பேரரசரின் கால்கள் ஊன்றுதற்கு அங்கவடி இல்லை. பழைய உரோமர்கள் அங்கவடியை அறியாதவர்கள். ஐரோப்பாவில் அது பரவியது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே. இச்செய்தியை மனத்திற் கொண்டால், நம் சென்னையில் உலவும் ஒரு கதையின் மெய்ம்மையை ஆராயலாம்.

சென்னையில் ஓர் இடைச்செருகல்

சென்னைத் தீவுத்திடலை ஒட்டி, கோட்டைக்குச் செல்லும் சாலையில் சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை நிற்கிறது. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் அவர். நிலத்தை உழும் குடியானவரோடு அரசே நேரடியாகத் தீர்வை பேசும் இரயத்துவாரி முறையை நிலைபெறச் செய்தவர். 1827ஆம் ஆண்டு பதிகொண்டா என்னும் ஊரில் சுற்றுப்பயணத்தின்போது வாந்திபேதி கண்டு இறந்தார். மக்கள் திரட்டிய நிதியில், இலண்டன் சிற்பியான சர் பிரான்சிஸ் சாண்ட்ரி செய்த சிலை 1839ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பட்டது.

இச்சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி அவற்றை வைக்க மறந்துவிட்டாரென்றும், பிழையை உணர்ந்ததும் நாணித் தற்கொலை செய்துகொண்டாரென்றும் கதை வழங்குகிறது. எத்தனையோ பேர் வாயால் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதே சாண்ட்ரி இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையையும், அந்நகரின் பழைய வணிக மன்றத்தின் முன்னுள்ள வெலிங்டன் பிரபுவின் சிலையையும் செய்தார். அம்மூன்றிலும் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை! ஒரே சிற்பி ஒரே பொருளை மும்முறை மறந்தார் என்றால் நம்ப முடியுமா? பழைய உரோமின் வழக்கைத் தழுவியே அவர் செய்தார் என்பதே பொருந்துவது. தற்கொலையும் கட்டுக்கதையே. சாண்ட்ரி 1841ஆம் ஆண்டு இயற்கையாகவே மறைந்தார்.

இத்தகைய மற்றொரு செருகலும் உலகெங்கும் வழங்குகிறது. குதிரையின் முன்னங்கால் இரண்டும் தூக்கியிருந்தால் தலைவர் போர்க்களத்தில் மாண்டவர். ஒரு கால் தூக்கியிருந்தால் காயமுற்று இறந்தவர். நான்கும் ஊன்றியிருந்தால் இயற்கையாக இறந்தவர் என்பது அது. பொது அறிவு நூல்களிலும் இது இடம்பெற்றுவிட்டது. ஆனால் வாஷிங்டன் நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கிறது. அவர் 1845ஆம் ஆண்டு தம் இல்லத்தில் நோயுற்று இறந்தவர். உருசியப் பேரரசர் மகா பீட்டரின் குதிரையும் அவ்வாறே பாய்கிறது. அவரும் 1725ஆம் ஆண்டு நோயினால் இறந்தவரே. செய்தி எதுவாயினும் தீர விசாரித்தே ஏற்க வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு. வள்ளுவப் பெருந்தகையும் மெய்ப்பொருள் காண்பதையே அறிவு என்றார். பீடத்தில் உள்ள பெயரையும் ஆண்டையும் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர்க்குச் சிலையும் ஒரு பாடநூலாகும்.

குதிரையின் கால்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன? அவை சிற்பியின் கைத்திறத்தையும் அவர் கால அறிவியலையும் சொல்கின்றன.

கால்களின் கணக்கு

மெலிந்த கால்கள்மீது பெரிய உடலும் அதன்மேல் ஆளும் அமர வேண்டும் என்பதே குதிரைச் சிலையின் இடர்ப்பாடு. கல்லிற் செய்தால் கால்கள் முறிந்துவிடும். வயிற்றின்கீழ் முட்டுக்கொடுக்க வேண்டும். வெண்கலமோ உள்ளீடற்றதாக வார்க்கத்தக்கது, இழுவிசையையும் தாங்கும். ஆகவே மூன்று கால் ஊன்றி ஒரு கால் தூக்கிய குதிரையை உரோமர்களே செய்துவிட்டனர். இரு பின்னங்கால்களில் மட்டும் எழுந்து நிற்கும் குதிரையே சிற்பிகளின் நெடுநாள் கனவாக இருந்தது.

லியனார்டோ டா வின்சி மிலான் நகரத் தலைவர்க்காக ஒரு மாபெரும் குதிரையைத் திட்டமிட்டார். பாயும் குதிரையாகவே முதலில் வரைந்தவர், பின்னர் நடக்கும் குதிரையாக மாற்றிக்கொண்டார். 1493ஆம் ஆண்டு களிமண் மாதிரி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 7 மீட்டர். வார்ப்பதற்கெனச் சேர்த்த வெண்கலமோ 1494ஆம் ஆண்டு பீரங்கி செய்ய அனுப்பப்பட்டுவிட்டது. 1499ஆம் ஆண்டு மிலானைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையின் வில்லாளர்கள் அக்களிமண் குதிரையை அம்பெய்து பழகும் இலக்காக்கிச் சிதைத்தார்கள். உலகம் கண்ட மாபெரும் கலைஞர் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு இவ்வாறு முடிந்தது.

அக்கனவை 1640ஆம் ஆண்டு நிறைவேற்றியவர் பியத்ரோ தாக்கா. மாட்ரிட் நகரில் உள்ள ஸ்பானிய மன்னர் நான்காம் பிலிப்பின் குதிரை அவர் செய்தது. பின்பகுதியைக் கனமாகவும் முன்பகுதியை உள்ளீடற்றதாகவும் வார்த்து, எடை முழுதும் பின்னங்கால்களின் மேலேயே விழுமாறு அமைத்தார். வாலும் ஒரு கால்போல் தாங்குகிறது. இக்கணக்கைச் சிற்பிக்குச் சொல்லிக் கொடுத்தவர் வானியல் அறிஞர் கலிலியோ என்பது வழிவழிச் செய்தி.

முதல்வர்க்கு இரண்டாமவர்

அடுத்து நாம் காண வேண்டுவது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து மகா பீட்டர் சிலை. பேரரசி இரண்டாம் கேதரின் எழுப்பிய இதனைப் பிரெஞ்சுச் சிற்பி ஃபால்கோனே செய்தார். பேரரசரின் முகத்தை வடித்தவர் அவர்தம் மாணவியான மாரி ஆன் கொலோ. செங்குத்தான பாறையின் விளிம்பில் குதிரை எழுந்து நிற்கிறது. பின்னங்காலில் மிதிபடும் பாம்பு பகைமையின் உருவகம். குதிரையின் வாலைத் தாங்கிச் சிலை சாயாது காப்பதும் அதுவே! பகையே பிடிமானமாகும் விந்தையைச் சிற்பி அறிந்து செய்தாரோ என எண்ணத் தோன்றுகிறது.

பீடமாக அமைந்த ‘இடிப்பாறை’ ஏறத்தாழ 1,250 டன் எடையுடையது எனக் கணக்கிட்டுள்ளனர். சதுப்பு நிலம் உறைந்து இறுகும் குளிர்காலத்தில், பள்ளமிட்ட தண்டவாளங்களில் வெண்கல உருண்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் பாறையை வைத்து, 400 பேர் சிறிது சிறிதாக நகர்த்திக் கடற்கரை சேர்த்தனர். பின்னர்க் கலத்தில் ஏற்றி 1770ஆம் ஆண்டு நகருக்குக் கொண்டுவந்தனர். சிலை திறக்கப்பட்டது 1782ஆம் ஆண்டு. சிற்பியோ மனக்கசப்புற்று அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே நாடு திரும்பிவிட்டார்.

பாறையில் பொறித்த சொற்கள் மிகச் சிலவே. முதலாம் பீட்டருக்கு இரண்டாம் கேதரின் அளித்தது என்பதே அதன் பொருள். ஒருபுறம் இலத்தீனிலும் மறுபுறம் உருசிய மொழியிலும் அது வெட்டப்பட்டுள்ளது. கேதரின் உருசியக் குருதி ஒரு துளியும் இல்லாத ஜெர்மானிய இளவரசி. 1762ஆம் ஆண்டு தம் கணவரை அரியணையிலிருந்து அகற்றிவிட்டுத் தாமே பேரரசியானவர். மகா பீட்டருக்கு உண்மையான வாரிசு யார் என்னும் வினா நாட்டில் எழாதிருக்க வேண்டும் அன்றோ? அதற்கு விடையாகவே ‘முதல்வர்’க்குப் பக்கத்தில் ‘இரண்டாமவர்’ தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். பாட்டுடைத் தலைவர் பீட்டர். பாட்டின் பயன் கேதரினுக்கு!

சதுப்பு நிலத்தில் அந்நகரை எழுப்பும் பணியில் பசியாலும் நோயாலும் மடிந்த குடியானவர்கள் எண்ணிறந்தோர். அவர்கட்குப் பீடமில்லை. 1824ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் தன் காதலியை இழந்த ஓர் ஏழை எழுத்தன் இச்சிலையை நோக்கிச் சீறுவதாகப் பெருங்கவிஞர் புஷ்கின் 1833ஆம் ஆண்டு ஒரு காவியம் இயற்றினார். ‘வெண்கலக் குதிரைவீரன்’ என்னும் அக்காவியத்தின் பெயரே பின்னர்ச் சிலைக்கும் பெயராயிற்று. அரசி செய்த மூலத்திற்குக் கவிஞர் எழுதிய உரை இது எனலாம். இரண்டாம் உலகப்போரில் நகரம் முற்றுகையுற்றுப் பசியால் வாடிய நாள்களில் மக்கள் இதனை மணல்மூட்டைகளாலும் மரப்பலகைகளாலும் மூடிக் காத்தனர்.

உலைக்களம் சென்ற குதிரைகள்

எல்லாச் சிலைகளும் அத்தகைய பேறு பெற்றவை அல்ல. நியூயார்க் நகரில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பொன்முலாம் பூசிய ஈயக் குதிரைச் சிலையொன்று 1770ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஆறே ஆண்டுகள்! 1776 ஜூலை 9ஆம் நாள் விடுதலைப் பிரகடனம் படிக்கக் கேட்ட மக்கள் அன்றே அதனைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தினர். அந்த ஈயத்தை உருக்கி 42,088 துப்பாக்கிக் குண்டுகள் வார்த்தனர். மன்னரின் சிலையே மன்னரின் படைமேல் பாய்ந்தது. குதிரையின் வால் உள்ளிட்ட சில துண்டுகள் மட்டும் எஞ்சி அருங்காட்சியகம் சேர்ந்தன.

இலண்டனில் இதற்கு மாறானதொரு நிகழ்ச்சி. மன்னர் முதலாம் சார்லஸின் குதிரைச் சிலை 1633ஆம் ஆண்டு செய்யப்பட்டது. 1649இல் மன்னர் தலை துண்டிக்கப்பட்ட பின் ஆட்சியாளர் அச்சிலையை உடைத்து உருக்குமாறு ரிவெட் என்னும் கன்னாரிடம் விற்றனர். அவரோ சிலையை மறைத்து வைத்துவிட்டு, அதன் உலோகத்தில் செய்தவை என்று சொல்லிச் சிறு பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார். மன்னராட்சி மீண்டபோது சிலையும் மீண்டது. 1675ஆம் ஆண்டு முதல் சேரிங் கிராஸில், தாம் கொலையுண்ட தெருவையே நோக்கியவராக மன்னர் அமர்ந்திருக்கிறார். பாரிஸிலும் இவ்வாறே நான்காம் ஹென்றியின் சிலை 1792ஆம் ஆண்டுப் புரட்சியில் அழிக்கப்பட்டு, 1818ஆம் ஆண்டு மீண்டும் எழுந்தது. அதற்கு நெப்போலியனின் சிலைகளை உருக்கிய வெண்கலம் பயன்பட்டது.

இவையெல்லாம் பழங்கதைகள் என்று ஒதுக்க வேண்டா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் படைத்தலைவர் இராபர்ட் லீயின் குதிரைச் சிலை 1890ஆம் ஆண்டு ரிச்மண்ட் நகரில் எழுந்தது. 2021 செப்டம்பர் 8ஆம் நாள் இறக்கப்பட்டது. சார்லட்ஸ்வில் நகரத்தில் 1924ஆம் ஆண்டு எழுந்த அவர்தம் மற்றொரு சிலை 2021இல் அகற்றப்பட்டு, 2023ஆம் ஆண்டு உருக்கப்பட்டது. சிரியாவில் 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஹலப் நகரம் கைமாறியபோது, அதிபர் குடும்பத்து மூத்த மைந்தரான பாஸில் அல்அஸதின் குதிரைச் சிலை வீழ்த்தப்பட்டது.

சென்னையிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய நீல் என்னும் தளபதியின் நின்ற சிலை மவுண்ட் ரோட்டில் இருந்தது. மக்கள் போராடினர். 1937ஆம் ஆண்டு அது அங்கிருந்து அகற்றப்பட்டு அருங்காட்சியகம் சென்றது. அதே அன்னிய ஆட்சியைச் சேர்ந்த மன்றோவின் குதிரையையோ எவரும் இறக்கவில்லை. உரையாசிரியர்கள் ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியே எடைபோடுகிறார்கள் என்பதற்கு இது சான்று.

கல்லறை தெரியாதவர்க்கு நாற்பது மீட்டர்

மங்கோலியத் தலைநகர் உலான் பாத்தரிலிருந்து ஏறத்தாழ 54 கிலோமீட்டர் கிழக்கே, புல்வெளி நடுவே செங்கிஸ்கானின் சிலை நிற்கிறது. 2008ஆம் ஆண்டு நிறைவுற்ற இது 40 மீட்டர் உயரமுடையது. துருவேறா எஃகினால் ஆன இதற்கு 250 டன் உலோகம் சென்றது. காண வருவோர் உள்ளே ஏறிக் குதிரையின் தலைமேல் நின்று நாடு பார்க்கலாம். 1227ஆம் ஆண்டு மறைந்த செங்கிஸ்கான் எங்கு அடக்கப்பட்டார் என்பதோ இன்றளவும் அறியப்படாதது! சோவியத்துச் செல்வாக்கு ஓங்கியிருந்த காலத்தில் மங்கோலியர் அவர் பெயரைப் பெருமையாகச் சொல்லவும் தயங்க நேர்ந்தது. அடக்கி வைத்த பெயரே, விடுதலை பெற்றபின் இத்தனை உயரம் எழுந்தது போலும்.

இஸ்லாமிய வரலாறு படித்தவர்க்கு அப்பெயர் வேறொன்றை நினைவூட்டும். 1220ஆம் ஆண்டு அவருடைய படை அறிவின் ஊற்றாக விளங்கிய புகாராவை எரித்தது. அவர் பேரர் ஹுலாகுவின் படை 1258ஆம் ஆண்டு பக்தாதை அழித்தது. ஒருவர்க்கு நாட்டின் தந்தை. மற்றவர்க்கு நூலகங்களை இழந்த துயரம். இரண்டும் மெய்யே. சிலையோ ஒன்றை மட்டும் பேச வல்லது.

திமிஷ்கின் இரு நினைவுகள்

வகுப்பில் ஒருநாள் சிலுவைப் போர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அவர்களுடைய வீரர்களெல்லாம் ஊர்தோறும் குதிரைமேல் நிற்கிறார்களே, நம்மவர்க்கு ஏன் ஒன்றும் இல்லை?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த ஏக்கம் என்னைத் தொட்டது. இளமையில் அவ்வேக்கம் எழுவது இயல்பு. தன் முன்னோர் எவர்க்கும் குறைந்தவரல்லர் என்பதை எல்லாரும் காணக் காட்ட வேண்டும் என்னும் துடிப்பு அது. அவர்க்கு நான் சொன்னவற்றையே இங்கும் சொல்கிறேன்.

நம்மவர்க்கும் அத்தகைய சிலைகள் எழுந்ததுண்டு. 1867ஆம் ஆண்டு ஐரோப்பா சென்று அங்குள்ள சிலைகளைக் கண்டு திரும்பிய உதுமானியச் சுல்தான் அப்துல் அஸீஸ், தம் உருவைக் குதிரைமேல் வடிக்கச் செய்தார். அது அரண்மனைக்குள்ளேயே இருந்தது. மக்கள் நடுவே வைக்கவில்லை. 1876இல் அவர் பதவியிழந்தார். அல்ஜீயர்ஸ் நகரில் அமீர் அப்துல் காதிர் உயர்த்திய வாளுடன் குதிரைமீது விளங்குகிறார். திமிஷ்கு நகரக் கோட்டையின் முன்னே சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் குதிரைச் சிலை, அவர் மறைந்து 800 ஆண்டு நிறைந்த 1993ஆம் ஆண்டு எழுந்தது. அதைச் செய்தவர் அப்துல்லாஹ் அல்ஸையித் என்னும் சிரியச் சிற்பி. குதிரையின் பின்புறம் ஹித்தீன் போரில் தோற்ற மன்னர் கீயும், ரேனால்டும் தளர்ந்து அமர்ந்திருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். அப்போது சிரியாவை ஆண்ட ஹாஃபிஸ் அல்அஸத் தம்மை ஸலாஹுத்தீனோடு ஒப்பிட்டுக் காட்டுவதில் விருப்புடையவர். பாடுவித்தோர் யார் என்பது இங்கும் மறைந்திருக்கவில்லை.

இனி, அச்சிலை சொல்லாதவற்றைப் பார்ப்போம். 1187ஆம் ஆண்டு ஹித்தீன் களத்தில் தாகத்தால் துவண்ட எதிரி மன்னர் கீக்குக் குளிர்ந்த நீர் கொடுத்தவர் ஸலாஹுத்தீன். உடன்படிக்கையை முறித்து வணிகக் கூட்டங்களைத் தாக்கிய ரேனால்டைத் தம் கையாலேயே தண்டித்தவர், மன்னரைக் கொல்லாது மறு ஆண்டு விடுதலையும் செய்தார். பைத்துல் முகத்தஸ் நகரை மீட்டபோது குடிமக்களைப் பணயத்தொகை பெற்று வெளியேற விட்டார். தொகை செலுத்த இயலாத ஏழையர் பலரைப் பொருள் வாங்காமலே அனுப்பினார். வெற்றி பெற்றவன் குதிரைமேல் இருப்பதைச் சிலை காட்டும். இறங்கி வந்து நீர் கொடுத்ததை எந்தச் சிலை காட்டும்? அமீர் அப்துல் காதிரும் அப்படியே. நாடிழந்து திமிஷ்கில் வாழ்ந்த அவர், 1860ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறித்தவர்களின் உயிரைக் காத்தார். உயர்த்திய வாளில் அச்செய்தி இல்லை.

அதே திமிஷ்கில், உமையாப் பள்ளிவாசலின் அருகே ஸலாஹுத்தீன் அடங்கியிருக்கிறார். 1898ஆம் ஆண்டு அங்கு வந்த ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பளிங்குப் பேழையொன்றையும் பொன்முலாம் பூசிய வெண்கல மலர்வளையத்தையும் காணிக்கையாக்கினார். அவ்வளையத்தை 1918ஆம் ஆண்டு ஆங்கிலேயரான லாரன்ஸ் எடுத்துச் சென்றார். அது இலண்டன் போர் அருங்காட்சியகத்தை அடைந்தது. பளிங்குப் பேழை வெறுமையாக இருக்கிறது. பழைய மரப்பேழையே சுல்தானுக்குரியது. அவர் உடனிருந்து வரலாறு எழுதிய பஹாவுத்தீன் கூறுகிறார்: எகிப்தும் சிரியாவும் ஆண்ட அச்சுல்தான் இறந்தபோது கருவூலத்தில் இருந்தவை ஒரு பொற்காசும் 47 வெள்ளித் திர்ஹங்களுமே. அடக்கச் செலவுக்கும் கடன் வாங்க வேண்டியிருந்தது.

பொருளெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பகுதி போருக்கும் கொடைக்கும் சென்றது. கெய்ரோவில் அவர் அமைத்த மருத்துவமனையை 1183ஆம் ஆண்டில் நேரில் கண்ட ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், பெண்களுக்குத் தனியிடமும், மனநோயாளர்க்குத் தனியிடமும் இருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். பைத்துல் முகத்தஸில் அவர் நிறுவிய கல்விக்கூடம் அவர் பெயராலேயே ஸலாஹிய்யா என வழங்கிற்று.

நடுகல்லும் அறக்கொடையும்

நம் தமிழ் மரபிலும் நினைவுக்கல் உண்டு. ஆநிரை மீட்கச் சென்று மாண்ட மறவனுக்குப் பெயரும் பீடும் எழுதி ஊரார் நட்ட நடுகல் அது. காட்சி, கால்கோள் எனத் தொடங்கும் அதன் துறைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்தியது. அந்தக் கல்லை எழுப்பியவர்கள் அவன் யாருக்காக உயிர் கொடுத்தானோ அவர்களே. தம் ஆட்சிக்கு வலிமை தேட எழுப்பிய பெருஞ்சிலைக்கும், நன்றி மறவாத சிற்றூர் நட்ட சிறு கல்லுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது.

இஸ்லாமிய மரபு வேறொரு வழியை வகுத்தது. ஒருவர் இறந்த பின்னும் தொடரும் நன்மைகளாக நீங்காத தருமத்தையும், பயன்தரும் கல்வியையும், அவருக்காகப் பிரார்த்திக்கும் நன்மக்களையும் அது போற்றுகிறது. கிணறு வெட்டியவர், மதரஸா கட்டியவர், நிலத்தை வக்ஃபு செய்தவர் ஆகியோர்க்குச் சிலை தேவைப்படவில்லை. நம் போன்ற கல்வி நிலையங்களைத் தோற்றுவித்த பெரியோர்கள் தம் வணிக ஊதியத்தை வகுப்பறைகளாக மாற்றிச் சென்றனர். எந்தச் சதுக்கத்திலும் அவர்கள் குதிரைமேல் அமர்ந்திருக்கவில்லை. ஆயினும் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொரு மாணவரிடத்தும் அவர்கள் நினைவு நடமாடுகிறது. அதை உருக்கிப் பீரங்கி செய்ய எவராலும் இயலாது.

கலைத்திறத்தால் ஓங்கிய வெண்கலக் குதிரைகளைப் பழிப்பது என் கருத்தன்று. தாக்காவின் கணக்கும், இடிப்பாறையை நகர்த்திய 400 பேரின் உழைப்பும் மனிதகுலத்தின் பொதுச் செல்வங்கள். அவற்றைக் காணும் வாய்ப்பு நேர்ந்தால் நம் இளைஞர்கள் நின்று பார்க்க வேண்டும். பார்க்கும்போது மேலே இருப்பவரை மட்டும் நோக்காமல் பீடத்தில் உள்ள ஆண்டைப் படிக்க வேண்டும்; எழுப்பியவர் யார், எதற்காக என வினவ வேண்டும்; உடனிருப்போர் சொல்லும் கதையை ஆராய்ந்தே ஏற்க வேண்டும். நம் முன்னோரை எண்ணும்போதும் அவ்வாறே, அவர்கள் ஏறிய குதிரைகளை விடுத்து அவர்கள் இறங்கிச் செய்த நற்செயல்களைத் தேட வேண்டும். அச்செயல்களுள் ஒன்றையேனும் நம் வாழ்நாளில் தொடர்ந்து செய்யும் பேற்றினை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நல்குவானாக!